பன்னிரண்டு தசம் ஆறு

"இரையுது தங்கச்சி," என்றார் எர்வின் பார்த்தலோட்,
பாலையூற்றிலிருந்து ஆட்டோவில்
மடியில் வைத்துக் கொண்டுவந்த
பச்சை ரெக்சின் பெட்டியை
என் மேசையில் இறக்கியபடி.
"கடலும்தான் இரையுது," என்றேன்.
சிரிக்கவில்லை.
சனிக்கிழமை கலியாணம். இன்றைக்கு வியாழன்.

எதிரொலிப் பெட்டி.
உள்ளே நாடா வளையம், மூன்று வால்வு,
எனக்கு முந்தித் திறந்தவர்கள் விட்டுப்போன
ஈயக் கட்டிகள், ஒரு செத்த பல்லி.
பல்லியை முதலில் எடுத்தேன்.
குற்றம் பல்லியில் இல்லை.

பெரிய கொண்டன்சருக்குள் முந்நூறு வோல்ற்
யாரும் இல்லாதபோதும் விழித்திருக்கும்.
இடக்கை முதுகுக்குப் பின்னால்.
ரெசிஸ்டர் வைத்து மெல்ல இறக்கி
மீற்றர் பூச்சியம் காட்டியும் நம்பாமல்
இன்னொரு தரம் இறக்கி,
பிறகுதான் தொட்டேன்.

நூறில் இரைந்தால் அது ரம்பம்:
கொண்டன்சர் காய்ந்துவிட்டது.
ஐம்பதில் இரைந்தால் தடித்த உருண்டை:
ஏர்த் பிழை, அல்லது வால்வின் இழை.
இதற்குள் இரண்டும் இருந்தன,
கோபித்துக்கொண்ட சம்பந்திகள்
ஒரே வீட்டில் தங்கியது போல.

கொண்டன்சர் மாற்றினேன். ரம்பம் நின்றது.
பழையது சுற்றியிருந்த கடதாசியை
கோட்டையிலிருந்து இறங்கிவந்த மான்
கடை வாசலில் நின்று தின்றது.
மற்றது நிற்கவில்லை.

முதல் வால்வைப் பிடுங்கினேன்: அமைதி.
செருகினேன்: ஊம்.
கள்ளன் வாசலிலேயே நிற்கிறான்.
வேறு வால்வு போட்டேன்: ஊம்.
இழைக்குப் போகும் வயரை
பள்ளிக்கூடப் பின்னல் போல இறுக்கி முறுக்கினேன்,
ஏர்த் எல்லாவற்றையும் ஒரே ஆணியில் கட்டினேன்.
ஊம்.

ஏழு பத்துக்குக் கரண்ட் போனது.
எர்வின் கிற்றாரில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார்.
ஃபேன் ஓய்ந்தது, டைக் வீதி இருண்டது,
நாடா சோர்ந்து எதிரொலி சறுக்கி விழுந்தது.
ஆனால் வால்வுச் சூட்டில்
மிச்சமிருந்த இரண்டு வினாடி
ஒற்றை நாதம், கழுவி வைத்த மாதிரி.
"அது! அதுதான் எனக்கு வேணும்,"
என்றது இருட்டு.

கரண்ட் வரும்வரை யோசித்தேன்.
மூலையில் சார்ஜுக்கு விட்டிருந்தது
பலீலின் வள்ளத்துப் பற்றரி.
மீற்றரை வைத்தேன்: பன்னிரண்டு தசம் ஆறு.
அந்த வால்வின் இழை கேட்பதும்
பன்னிரண்டு தசம் ஆறு.
கலியாணங்களில் கூட இப்படிப் பொருத்தம் நான் கண்டதில்லை.

கரண்ட் வந்ததும் இழையை மட்டும் பற்றரியில் கொழுவினேன்.
ஒன்றுமில்லை.
அவ்வளவு ஒன்றுமில்லை
டச்சுக் குடாவில் அலை மணலை இழுப்பது கேட்டது.
எர்வின் ஆறாம் கம்பியைத் திருகினார். நிறுத்தினார்.
திரும்பத் திருகினார்.
"சுருதி எங்க பிள்ளை?"

அப்போதுதான் விளங்கியது.
ஒன்பது வருஷமாக அந்த இரைச்சலோடுதான்
அவர் கம்பி சேர்த்திருக்கிறார்.
முழு பாண்டும் கால் சுருதி தள்ளி.
ட்ரம்பெட்காரன் இரண்டு தரம் கோபித்துப்போனது
சம்பளத்துக்காக அல்ல.

சனி இரவு, உப்புவெளி மண்டபம்.
மேசைத் துணிக்குக் கீழே பற்றரி.
பலீலின் நிபந்தனை: மூன்றுக்கு வள்ளம் இறங்கும்.
இரண்டு நாற்பதுக்கு வந்தான்,
நெற்றியில் லைட், கால்சட்டையில் உப்பு,
கேக் துண்டொன்றை டிஷ்யூவில் சுற்றிக்கொண்டு
என்னைப் பார்த்தான்.

நான் பொருத்தியிருந்த சுவிட்சைப்
பழைய பக்கம் தட்டினேன்.
முதலைக் கிளிப்புகளைக் கழற்றினேன்.
அவன் பற்றரியைத் தோளில் ஏற்றி
மணலுக்குள் போனான்.

ஊம்.

ஆடிக்கொண்டிருந்தவர் ஒருவரும் திரும்பவில்லை.
எர்வின் மட்டும்
இருட்டில் செருப்பைக் கால் கண்டுபிடித்தது போல
முகம் தளர்ந்து
ஆறாம் கம்பியை அதனோடு சேர்த்தார்.
மேடையின் மறுகரையில்
ட்ரம்பெட்காரன் என்னை முறைத்தான்.

பில் இன்னும் எழுதவில்லை.
கொண்டன்சர் இரண்டு, வயர் ஒரு யார்,
பல்லிக்குக் காசில்லை.
இரைச்சல் என்ற இடத்தில்
பேனையை வைத்துக்கொண்டிருக்கிறேன்.